நாலு நூல்

சீனிவாசகம்: ...அந்தக் கதையெல்லாம் வேண்டாம். மிஷினு ஏன் நிக்குது, அத மட்டும் சொல்லு.

பாலகுரு: நான் நிறுத்தல அண்ணாச்சி.

சீனிவாசகம்: ஏலே, இருவது வருசமா நீதான் ஓட்டுற. தானா நிக்கிற மிஷினா அது?

பாலகுரு: சுவிச்ச அமுக்குனது நாந்தான்... நிறுத்தச் சொன்னது வேற ஆளு.

சீனிவாசகம்: இந்தப் பிரஸ்ஸுல நிறுத்தச் சொல்றதுக்கு என்னைய விட்டா வேற ஆளு யாரு?

குருவம்மாள்: நாந்தான் அண்ணாச்சி சொன்னேன்.

சீனிவாசகம்: ...யாரு, குருவம்மாவா?

குருவம்மாள்: ஆமா.

சீனிவாசகம்: காலண்டருக்குத் தகரம் மாட்டிக்கிட்டு இருந்த ஆள, கண்ணு நல்லாருக்குன்னு சார்ட்டு செக்கிங்குக்கு மாத்துனேன். மாத்தி முளுசா ஒரு வாரம் ஆகல...

குருவம்மாள்: அஞ்சு நாளாச்சு.

சீனிவாசகம்: அஞ்சு நாள்ல மிஷின நிறுத்துற அளவுக்கு வந்தாச்சு. நல்லது. பாட்னாக்காரரு காலைல இருந்து மூணு தடவ போன் அடிச்சுட்டாரு. அங்க பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது. சாயங்காலம் லோடு ஏறணும். தெரியும்ல?

குருவம்மாள்: தெரியும்.

சீனிவாசகம்: அந்தா, கிளிப்புல தொங்குதே, அது என்ன?

குருவம்மாள்: ஓகே ஷீட்டு.

சீனிவாசகம்: அதுல கீள என்ன இருக்கு?

குருவம்மாள்: ஒங்க கையெளுத்து.

சீனிவாசகம்: மொத ஷீட்டப் பாத்து நான் கையெளுத்துப் போட்டாத்தான் மிஷினு ஓடும். போட்டுட்டா, பெறகு நானே சொல்லாம நிக்கக் கூடாது. எங்கப்பாரு காலத்துலருந்து இதான் இங்கன வளக்கம். அந்தக் கையெளுத்தப் பாக்காமயா நிறுத்துன?

குருவம்மாள்: பாத்தேன் அண்ணாச்சி. அதப் பாத்த பெறகுதான் நிறுத்துனேன்.

பாலகுரு: நான் அப்பவே சொன்னேன், அண்ணாச்சி வந்து...

சீனிவாசகம்: நீ சும்மா இருலே. சரி, என்னம்மா தப்பு? கலரு வெளுத்துருச்சா?

குருவம்மாள்: கலரு கண்ணப் பறிக்குது.

சீனிவாசகம்: ரிஜிஸ்டர் வெலகுச்சா? ஒரு கலரு மேல இன்னொரு கலரு ஒக்காராம ரெட்டை விளுந்திருக்கா? குடு, லென்ஸக் குடு...

குருவம்மாள்: ரெட்டை எங்கயும் விளல.

சீனிவாசகம்: விளாது. நம்ம பிரஸ்ஸுல இருந்து ரெட்டை விளுந்த ஷீட்டு ஒண்ணு வெளிய போனது கெடையாது. சிவகாசில வேற எவனயாச்சும் இப்பிடிச் சொல்லச் சொல்லு பாப்போம்.

பாலகுரு: சொல்ல முடியாது அண்ணாச்சி.

சீனிவாசகம்: அப்ப என்னதான் கொறைங்கிற?

குருவம்மாள்: நூலு கொறையுது.

சீனிவாசகம்: ...என்னது?

குருவம்மாள்: இந்தா, இங்கன பாருங்க. தலைப்பு என்ன? ஒடம்புல உள்ள செல்லு எப்பிடிப் பிரியுதுன்னு படம். மேல ஒரு செல்லு இருக்கு. உள்ள எத்தன நூலு?

சீனிவாசகம்: நாலு.

குருவம்மாள்: அடுத்த படத்துல நாலும் நடுவுல வரிசையா நிக்குது. அதுக்கடுத்து ரெண்டு மேல போவுது, ரெண்டு கீள போவுது. கடேசில ரெண்டு செல்லாப் பிரிஞ்சிருச்சு. ஒண்ணொண்ணுலயும் எத்தன?

சீனிவாசகம்: ரெண்டு. நாலு, ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சா ரெண்டுதான வரும்? இதுல என்ன தப்பு?

குருவம்மாள்: அந்த ரெண்டு நூலு செல்லு மறுக்கப் பிரிஞ்சா?

சீனிவாசகம்: ஒண்ணு.

குருவம்மாள்: அது பிரிஞ்சா?

பாலகுரு: ஒண்ணுக்கு இருக்கும், ஒண்ணு வெறும் பையாப் போயிரும் அண்ணாச்சி.

சீனிவாசகம்: ஏலே, நீ எந்தக் கச்சி?

பாலகுரு: இல்ல... கணக்குச் சொன்னேன்.

குருவம்மாள்: ஒங்க கட்டவெரல நீட்டுங்க. கட்டிங் மிஷின்ல நகம் போச்சுன்னு சொல்வீகள்ல?

சீனிவாசகம்: போச்சு. நகமும் சதையும் சேந்து. அதுக்கென்ன இப்ப?

குருவம்மாள்: மறுபடி நகந்தான மொளச்சுச்சு? அரை நகம், கால் நகம்னா மொளச்சுச்சு? சுத்தி நின்ன செல்லு பிரிஞ்சு பிரிஞ்சுதான் அந்த எடத்த அடைச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் பாதி பாதியாக் கொறஞ்சிருந்தா, இந்த வெரலு இப்பிடி இருக்குமா?

சீனிவாசகம்: ...பாதியாக் கொறையிறதும் உண்டுல்ல? என் பேத்தி ரோஷினி ஒருநா சத்தம் போட்டுப் படிச்சிக்கிட்டு இருந்தா.

குருவம்மாள்: உண்டு. புள்ள உண்டாகுறதுக்கு, அப்பங்கிட்ட இருந்து பாதி, ஆத்தாகிட்ட இருந்து பாதி. அது வேற பிரிவு. அதுக்கு வேற சார்ட்டு. இது ஒடம்பு வளர்ற சார்ட்டு.

சீனிவாசகம்: சரி, நான் ஒண்ணு கேக்குறேன். எதுக்குப் பிரியணும்? வளரணும்னா அந்த ஒரு செல்லே பெருசாகிக்கிட்டுப் போக வேண்டியதுதான?

குருவம்மாள்: வெடி ஆபீசுல ஆளு கூடுனா என்ன செய்வாக அண்ணாச்சி? இருக்குற ரூம அகலமாக்குவாகளா?

சீனிவாசகம்: அகலமாக்க அதிகாரி விடுவானா? ஒரு ரூமுக்கு நாலு பேரு. தள்ளி இன்னொரு ரூமு கட்டணும்.

குருவம்மாள்: அது தீக்குப் பயந்து. செல்லு பசிக்குப் பயந்து. அதுக்குச் சாப்பாடு உள்ள வர்றதும் கழிவு வெளிய போறதும் மேல் தோலு வளியாத்தான். பெருசாக ஆக உள்ள வயிறு எக்கச்சக்கமாப் பெருகுது. தோலு அந்த அளவுக்குப் பெருக மாட்டேங்குது. நடுவுல உள்ளதுக்குச் சோறு போய்ச் சேராது. அதான் ரெண்டாப் பிரிஞ்சு, ஆளுக்கொரு தோலோட சின்னதாவே இருக்குது.

பாலகுரு: கொடவுனு பெருசு, வாசலு ஒண்ணுன்னா லோடு ஏத்துறவன் பாடு தெரியும்ல அண்ணாச்சி? அது மாதிரி.

சீனிவாசகம்: எனக்கு வெளங்குது, நீ மொளிபெயர்க்க வேண்டாம்.

குருவம்மாள்: இப்ப வெடி ஆபீசுல புதுசா ரூமு கட்டுறாக. ரூமுக்கு ரூமு ஒரு போர்டு மாட்டுவாகள்ல? இன்னது செய்யணும், இன்னது செய்யக் கூடாதுன்னு?

சீனிவாசகம்: நம்மதான அடிச்சுக் குடுக்குறோம்.

குருவம்மாள்: புது ரூமுக்குப் பளய போர்ட ரெண்டாக் கிளிச்சுப் பாதிய மாட்டுவாகளா?

சீனிவாசகம்: கிளிச்சா எவனுக்கு என்ன வெளங்கும்? இன்னொரு காப்பி அடிக்க நம்மகிட்டத்தான்... ம்.

குருவம்மாள்: அதான் அண்ணாச்சி. அந்த நூலுதான் போர்டு. செல்லு என்ன செய்யணும்னு எளுதி வச்சிருக்குறது அதுலதான். பிரியிறதுக்கு முன்னாடி நாலு நூலுக்கும் இன்னொரு காப்பி போட்டுக்கிடும். காப்பியும் அசலும் பிரியாம, ரெட்டை ரெட்டையா ஒட்டிக்கிட்டு நடுவுல வந்து நிக்கும். பெறகுதான் ரெட்டைல ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். இங்கிட்டும் நாலு, அங்கிட்டும் நாலு. நம்ம சார்ட்டுல அந்தக் காப்பி போடுற வேலையே இல்ல. எல்லாம் ஒத்தையா நிக்குது.

சீனிவாசகம்: ரெட்டை ரெட்டையாவா... நடுவுல?

குருவம்மாள்: ஆமா. ஏன் அண்ணாச்சி?

சீனிவாசகம்: ஒண்ணுமில்ல. தண்ணி குடுலே.

பாலகுரு: இந்தாங்க.

சீனிவாசகம்: காப்பி போடாமயே பிரிஞ்சிட்டா என்ன செய்யுமாம்?

குருவம்மாள்: பிரிய விடாது. செல்லுக்குள்ளயே செக்கர் இருக்கு அண்ணாச்சி. காப்பி முளுசா வந்திருக்கா, கிளிசல் இருக்கா, எல்லாம் வரிசைல நிக்குதான்னு பாக்கும். சரியில்லன்னா அந்த எடத்துலயே நிறுத்திரும்.

சீனிவாசகம்: ஓ... மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேக்காமயா?

குருவம்மாள்: கேக்காமத்தான். அந்தச் செக்கர் அசந்துட்டா, தப்புக் காப்பி நிக்காம ஓடும். கட்டின்னு சொல்லி ஆசுபத்திரிக்குப் போறாகளே, அதுல பாதி அப்பிடி வர்றதுதான்.

பாலகுரு: அண்ணாச்சி, குருவம்மா சொன்னா நான் இனிமே நிறுத்தத்தான் செய்வேன். பயமா இருக்கு.

சீனிவாசகம்: இதெல்லாம் ஒனக்கு யாரும்மா சொன்னது? வேலைக்குச் சேரையில என்ன எளுதிக் குடுத்த? பத்தாவது பெயிலுன்னுதான?

குருவம்மாள்: அப்பிடித்தான் எளுதிக் குடுத்தேன்.

சீனிவாசகம்: மார்ச் மாசம் இருக்கன்குடி, இருக்கன்குடின்னு ஆறு நாளு லீவு எடுத்தியே. மாரியாத்தாதான் ஒக்கார வச்சுப் பாடம் நடத்துனாளோ?

குருவம்மாள்: ...அப்பிடித்தான் வச்சுக்கோங்களேன்.

சீனிவாசகம்: சிரிக்காத. வெவரமாச் சொல்லு.

குருவம்மாள்: எம் மக எழிலோட பதினொண்ணாங் கிளாஸ் புஸ்தகம். அவ முடிச்சுட்டு எடைக்குப் போடச் சொன்னா. நான் போடல.

சீனிவாசகம்: புஸ்தகம் சரி. இந்தச் சார்ட்டு முப்பத்தஞ்சு வருசமா ஓடுது. எளுத்துதான் தமிளு, இந்தி, தெலுங்குன்னு மாறும், படம் ஒண்ணுதான். நாக்பூருல தொங்குது, பாட்னால தொங்குது. எந்த வாத்தியாரும் ஒரு கடுதாசி போடல. அம்புட்டுப் பேரும் குருடா?

குருவம்மாள்: அம்புட்டு ஊர்லயும் டீச்சருக புஸ்தகத்த வச்சு நடத்தியிருப்பாக. சார்ட்டு அதுபாட்டுக்குச் செவுத்துல தொங்கியிருக்கும். எங்க ஊருலதான்...

சீனிவாசகம்: எந்த ஊரு?

குருவம்மாள்: அச்சங்குளம். பத்தாவது படிக்கையில சயின்ஸ் டீச்சரு பிரசவத்துக்குப் போயிட்டாக. ஆறு மாசம் ஆளு இல்ல. சன்னல் பக்கத்துல இந்தச் சார்ட்டு தொங்குச்சு. வேற கதி? தெனமும் அதையே பாத்துக்கிட்டு இருப்பேன்.

சீனிவாசகம்: இதே சார்ட்டா?

குருவம்மாள்: இதே சார்ட்டு. ஆரஞ்சு செல்லு, நீல நூலு. பரிச்சைல இந்தக் கேள்விதான் வந்துச்சு. சந்தோசம்னா அம்புட்டுச் சந்தோசம். கண்ண மூடுனா படம் அப்பிடியே நிக்குது. ஒரு கோடு மாறாம வரைஞ்சிட்டு வந்தேன்.

சீனிவாசகம்: ...பெறகு?

குருவம்மாள்: சயின்ஸ்ல மட்டும் போச்சு.

சீனிவாசகம்: எத்தன மார்க்குல?

குருவம்மாள்: ரெண்டு. டீச்சரு திரும்பி வந்து, என்ன எளுதுனன்னு கேட்டாக. வரைஞ்சு காட்டுனேன். ஏம் புள்ள ரெண்டு ரெண்டு நூலாப் போட்டன்னாக. செவுத்தக் காட்டுனேன். ஸ்டூலப் போட்டு ஏறி, சார்ட்டக் களட்டிச் சுருட்டி வச்சுட்டாக. நான் மறு வாரம் வெடி ஆபீசுக்குப் போயிட்டேன். பதினெட்டு வருசம் திரி வச்சேன்.

பாலகுரு: இம்புட்டு நாளு இதச் சொல்லலியே தாயி...

குருவம்மாள்: காலண்டர் பக்கம் இருந்தவரைக்கும் கண்ணுல படல. இன்னைக்குக் காலைல ஓடுன கட்டு ஒண்ணு செக்கிங்குக்கு வருது... பாத்தா, அதே ஆரஞ்சு, அதே நீலம். கை ஓடல. இன்னும் எத்தன அச்சங்குளத்துக்கு இது போகப் போவுதோன்னு நெனச்சேன். நிறுத்துங்கண்ணேன்னு சொல்லிட்டேன்.

சீனிவாசகம்: வரைஞ்சவன் மேல கோவம் இருக்கும்ல.

குருவம்மாள்: யாரு அண்ணாச்சி வரைஞ்சது?

சீனிவாசகம்: அது... கோவில்பட்டிக்காரன் ஒருத்தன். ஆர்ட்டிஸ்டு. செத்துப்போயிட்டான்.

குருவம்மாள்: அப்பிடியா. பாவம்.

சீனிவாசகம்: ஆமா.

குருவம்மாள்: கோவம் இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. அம்புட்டு அளகா வரைஞ்சிருந்தாரு. அளகா இல்லன்னா எனக்கு மனசுல ஒட்டியே இருக்காது.

சீனிவாசகம்: ...அளகாவா இருந்துச்சு?

குருவம்மாள்: பட்டாசு வாங்கக் காசு இல்லாத வீட்டுப் புள்ளைக்கு அந்தச் சார்ட்டுதான் தீவாளி. நான்தான் முட்டாளு, எல்லாத்தையும் அப்பிடியே வரைஞ்சேன். கடேசி செல்லுக்குள்ள ஓரமாச் சின்னதா ஒரு சுளி இருக்கும். அதுவும் செல்லுல உள்ள உறுப்புன்னு நெனச்சு, அதையும் சேத்து வரைஞ்சு வச்சேன்.

பாலகுரு: எந்தச் சுளி? இங்கனயா... ஆமா அண்ணாச்சி, எறும்பு கணக்கா ஒண்ணு இருக்கு. இத்தன வருசம் ஓட்டுறேன், பாக்கலியே.

குருவம்மாள்: இன்னைக்குத்தான் அது என்னன்னு தெரிஞ்சிச்சு. மேல ஓகே ஷீட்டப் பாத்தேன். கீள கையெளுத்து. அதுல மொதச் சுளியும் இந்தச் சுளியும்...

பாலகுரு: அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணு!

சீனிவாசகம்: ஏலே, நீ போயி லாரிக்காரனுக்குப் போன் போடு.

பாலகுரு: என்ன சொல்ல?

சீனிவாசகம்: இன்னைக்கு லோடு இல்லன்னு சொல்லு. பாட்னாக்காரருக்கு நான் பேசிக்கிடுறேன். ஓடுன ஷீட்டெல்லாம் வேஸ்ட்டுல போடு.

பாலகுரு: மூவாயிரம் ஷீட்டு ஓடிருச்சு...

சீனிவாசகம்: தெரியுது, போலே.

குருவம்மாள்: கோவில்பட்டிக்காரரு எந்திரிச்சு வந்துட்டாரு போல.

சீனிவாசகம்: கேலி பண்ணாத. இருவத்தெட்டு, இருவத்தொம்பது வயசு எனக்கு. மதுரைல பளய புஸ்தகக் கடைல ஒரு புஸ்தகம் வாங்கிட்டு வந்து, அதப் பாத்துத்தான் வரைஞ்சேன். அதுல நடுவுல நிக்குற நூலெல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரிஞ்சிச்சு. நீ சொன்னியே, அதே மாதிரி.

குருவம்மாள்: அப்ப ஏன் ஒத்தையா...

சீனிவாசகம்: ரிஜிஸ்டர் வெலகி அடிச்சிருக்கான்னு நெனச்சேம்மா! எவனோ வேல தெரியாதவன் ரெட்டை விளுகுற மாதிரி அடிச்சிருக்கான், சீனிவாசகம் கண்ணுக்கு இது தப்புமான்னு... திருத்துனேன். ஒவ்வொரு நூலையும் ஒத்தையா, சுத்தமா, பிசிறு இல்லாம. பெறகு ரெண்டு ரெண்டாப் பிரிச்சேன், கணக்கும் சரியா வந்துச்சு. அந்தத் தப்பக் கண்டுபிடிச்சேன்னு எங்கப்பாருகிட்டச் சொல்லிப் பீத்திக்கிட்டேன் வேற.

குருவம்மாள்: அய்யோ அண்ணாச்சி...

சீனிவாசகம்: சிரி. நல்லாச் சிரி. இந்தச் சார்ட்டு வித்துத்தான் ரெண்டாவது மிஷினு வாங்குனோம். ஊருக்குள்ள சார்ட்டு சீனிவாசகம்னு பேரு. நான் தல நிமிந்து நடந்தது பூராவும் இந்தப் படத்தால. அதுக்குள்ள ஒரு புள்ள பெயிலாகிக் கெடந்திருக்கு, எனக்குத் தெரியல.

குருவம்மாள்: அதுக்குச் சொல்லல நான்.

சீனிவாசகம்: தெரியும். எனக்குச் சொல்லணும்னு தோணுது, சொல்றேன். மன்னிச்சுக்கோ தாயி.

குருவம்மாள்: அண்ணாச்சி, பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். அந்த நீல மைய எடுங்க. வரைங்க.

சீனிவாசகம்: இப்பல்லாம் மருமக ஸ்ரீமதி கம்ப்யூட்டர்லதான...

குருவம்மாள்: கம்ப்யூட்டர் வேண்டாம். நீங்க வரைஞ்சாத்தான் புள்ளைகளுக்கு மனசுல ஒட்டும்.

சீனிவாசகம்: கை நடுங்கும்மா.

குருவம்மாள்: நடுங்கட்டும். செல்லு என்ன அளந்து வச்ச வட்டமாவா இருக்கு? நான் பக்கத்துல நின்னு நூல எண்ணிக்கிடுறேன்.

பாலகுரு: அண்ணாச்சி, லாரிக்காரன் கத்துறான். நாளான்னைக்கு வரச் சொல்லிட்டேன். பாட்னாக்காரரும் லைன்ல வந்துட்டாரு, என்னன்னு சொல்ல?

சீனிவாசகம்: நம்ம செக்கர் நிறுத்திட்டாகன்னு சொல்லு. பெருமையாச் சொல்லு. ஒரு ஷீட்டு தப்பா வெளிய விட மாட்டோம்னு சொல்லு.

பாலகுரு: அதத்தான் எப்பவும் சொல்லுவோம்.

சீனிவாசகம்: இனிமே நெசமாச் சொல்லு. குருவம்மா, புதுப் பிளேட்டு வந்ததும் மொத ஷீட்டு எடுத்துத் தொங்கவிடுவோம்ல?

குருவம்மாள்: ஆமா.

சீனிவாசகம்: அதுல நான் போட மாட்டேன். நீ போடு கையெளுத்து.

குருவம்மாள்: ஓகே ஷீட்டுலயா? நானா?

சீனிவாசகம்: நீதான். எங்கப்பாரு, பெறகு நான், பெறகு நீ. பெயிலான கையெளுத்துன்னு எவனாச்சும் சொன்னா என்ட்ட அனுப்பு. பெயிலாக்குனவன் நாந்தான்னு நானே சொல்லிக்கிடுறேன்.

குருவம்மாள்: அப்பிடிச் சொல்ல முடியாது அண்ணாச்சி.

சீனிவாசகம்: ஏன் முடியாது?

குருவம்மாள்: என் டிபன் வாளிய எடுத்துப் பாருங்க. நாலு நாளா ஒரு சேவுப் பொட்டலம் அதுக்குள்ள போயிட்டுப் போயிட்டு வருது. குடுக்கக் கூச்சம்.

பாலகுரு: இந்தா இருக்கு. சாத்தூரு சேவு! எதுக்கு தாயி?

சீனிவாசகம்: அதான, எதுக்கு?

குருவம்மாள்: இருக்கன்குடிக்கு ஒருநாளுதான் போனேன் அண்ணாச்சி. மத்த அஞ்சு நாளும் சாத்தூருல ஒக்காந்து பத்தாவது பரிச்ச எளுதுனேன், பாடத்திட்டம் மாறிருச்சுன்னு அஞ்சு பாடமும் மறுக்க எளுதச் சொல்லிட்டாக. போன வாரம் ரிசல்ட்டு வந்திருச்சு. சயின்ஸ்ல எளுவத்தொம்பது.